மழையிலும் கலையாத ஸ்டால்: திறந்தவெளிக் கலைச்சந்தைக்குக் கூடாரத்தைத் தயார் செய்ய முழுமையான வழிகாட்டி

திறந்தவெளிச் சந்தையில் மழைக்குப் பலியாகும் ஓவியங்களில் பல, ஒரு துளி மழைகூட நேரே படாமலேயே பாழாகின்றன. கூரையில் தேங்கிய நீரின் பாரம் தாங்காமல் சட்டகம் மடங்கி விழும். தரையில் ஓடும் நீரை மேசைவிரிப்பு உறிஞ்சி மேலே ஏற்றும். நாலு பக்கமும் மூடிய கூடாரத்துக்குள் இரவெல்லாம் ஈரக்காற்று அடைந்து கிடந்து, காலையில் பார்த்தால் காகிதங்கள் அலைஅலையாக நெளிந்திருக்கும். சாரல் அடிக்கும் என்று எல்லோருமே எதிர்பார்த்துத் தயாராக வருகிறார்கள். தேங்குவது, ஊறி ஏறுவது, அடைந்து கிடப்பது என்ற இந்த மூன்றுக்கும் தயாராக வருகிறவர்கள் குறைவு. கீழே உள்ள ஏற்பாடுகள் எல்லாம் இந்த மூன்றையும் மனதில் வைத்தவை. அளவுகள் பரவலாகப் புழங்கும் 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 10 அடிக்கு 10 அடி மடிப்புக் கூடாரத்துக்கானவை.

சந்தைக்கு முன்பே குழாய்த்தண்ணீர்ச் சோதனை

புதிதாக வாங்கிய கூடாரமானாலும் சரி, நாலைந்து ஆண்டு உழைத்ததானாலும் சரி, சந்தைக்கு இரண்டு வாரம் முன்பே வெளியில் விரித்துக் கட்டி, குழாய்த்தண்ணீரை மேலிருந்து மழைபோல் விழவைத்து 20 நிமிடம் சோதியுங்கள். இரண்டு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. ஒழுகும் இடத்தைச் சரிசெய்து, பூச்சு காய்ந்து, மறுபடி ஒருமுறை தண்ணீர் விட்டுப் பார்க்க அவ்வளவு அவகாசம் தேவைப்படும்.

தண்ணீர் விழும்போது ஒருவர் உள்ளே நின்று கவனிக்க வேண்டும். துணியின் நடுப்பகுதி அநேகமாக ஒழுகாது. தையல் ஓடும் கோடுகள், நாலு மூலைகள், உச்சியில் கம்பி முட்டும் இடம், வெல்க்ரோ தைத்திருக்கும் இடம் ஆகியவற்றில்தான் கசியும். தையல் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாசல். கசியும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, துணி முழுக்கக் காய்ந்த பிறகு தையலுக்கென்றே விற்கும் நீர்தடுப்புப் பசையைப் பூசுங்கள். தடிமனாக ஒரே பூச்சு பூசினால் காய்ந்ததும் வெடித்து உரியும். மெல்லியதாக இரண்டு பூச்சு, இடையே டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டுப் பூசுவதே நிற்கும். பூசுமுன் துணி எதனால் ஆனது என்று பாருங்கள். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணிக்கும் சிலிகான் பூச்சுள்ள துணிக்கும் வெவ்வேறு பசை. மாற்றிப் பூசினால் ஒட்டவே ஒட்டாது.

கூடாரத்தின் லேபிளில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டிருந்தால் தூறலைத் தாங்கும் என்று பொருள், விடாமல் பெய்யும் மழையை அல்ல. ‘வாட்டர்புரூஃப்’ துணியிலும் வெயில் பட்டுப் பட்டு உட்பக்கப் பூச்சு பொடியாக உதிரத் தொடங்கும். உள்ளே விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டினாலோ செதில் செதிலாக உரிந்தாலோ, அந்தக் கூரைக்கு எந்தப் பூச்சும் இனி உதவாது. கூரைத்துணியை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம், சட்டகம் அப்படியே இருக்கட்டும். மாற்றும்போது பாலியஸ்டர் துணியாகப் பாருங்கள். நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும், அந்தத் தொய்விலேயே நீர் தேங்கும்.

கூரையில் தேங்கும் நீர்

இதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர், அதாவது 1 கிலோ. 9 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 90 லிட்டர் விழுகிறது. அத்தனையும் வழிந்தோடினால் பிரச்சினையே இல்லை. ஆனால் மடிப்புக் கூடாரங்களில் உச்சிக்கும் ஓரக் கம்பிக்கும் நடுவே துணிக்குத் தாங்கல் கிடையாது. அங்கே லேசாகத் தொய்ந்திருந்தால் ஒரு கையளவு நீர் நிற்கும். நின்ற நீரின் பாரத்தில் துணி இன்னும் தாழும். தாழ்ந்த பள்ளத்துக்கு இன்னும் நீர் வரும். ஒரு பக்கப் பள்ளத்தில் 50 லிட்டர் சேர்ந்தால் ஒரு சிமெண்ட் மூட்டையைக் கூரையில் ஏற்றிவைத்த பாரம். கத்தரிபோல் மடியும் ஓரக் கம்பிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் நடுவே வளையும், பிறகு மூட்டில் ஒடியும்.

தடுக்கும் வழிகள் பல. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்யுங்கள்.

முதலாவது இழுவிசை. கூரைத்துணியை மூலைகளில் மாட்டியபின் எல்லா வெல்க்ரோ பட்டைகளையும் உள்பக்கம் கம்பியோடு இறுக்கிக் கட்டுங்கள். பலர் நாலு மூலையை மட்டும் ஒட்டிவிட்டு நடுப்பட்டைகளை விட்டுவிடுகிறார்கள். உச்சிக்கோல் உயரம் கூட்டக்கூடியதாக இருந்தால் கடைசித் துளைவரை ஏற்றுங்கள். விரலால் தட்டினால் மேளத்தோல்போல் அதிர வேண்டும்.

இரண்டாவது உள்தாங்கல். 20 முதல் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாயை ஓரக்கம்பியின் நடுவிலிருந்து உச்சிவரை வில்லாக வளைத்து, துணிக்கு அடியில் கட்டினால் பள்ளம் விழும் இடம் மேடாகிவிடும். நாலு பக்கத்துக்கும் நாலு வில் வேண்டும். அவசரத்துக்கு விளையாட்டு வளையங்களும் பயன்படும். ஒவ்வொரு மூலையிலும் கம்பிக்கும் துணிக்கும் இடையே ஒன்றைச் செருகினால் துணி தூக்கி நிற்கும். நீச்சல்குளத்தில் மிதக்கவிடும் நுரைக்குழல்களை நீளவாக்கில் கீறி ஓரக்கம்பிமேல் மாட்டினால், ஓரம் உயர்வதோடு கம்பி உரசித் துணி தேய்வதும் நிற்கும்.

மூன்றாவது சாய்வு. பின்கால்கள் இரண்டையும் ஒரு துளையோ இரண்டு துளையோ தாழ்த்தினால் நீர் பின்பக்கம் வழியும், வாசலில் வருகிறவர்கள் தலையில் கொட்டாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூம்புக் கூரையைப் பின்னால் சாய்த்தால் பின்சரிவு செங்குத்தாகும், முன்சரிவு தட்டையாகும். தட்டையான இடத்தில்தான் நீர் நிற்கும். ஆகவே சாய்வு கொடுத்தால் முன்சரிவுக்குக் குழாய் வில் கட்டாயம். அரைவட்ட வளைவான கூரையுள்ள கூடாரங்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வருடத்தில் பல மழைச்சந்தைகளுக்குப் போகிறவர்கள், கட்ட நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் அந்த வகைக்கு மாறிவிடுவது நல்லது.

மழை பெய்யும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூரையை அண்ணாந்து பாருங்கள். சிறு பள்ளம் தெரிந்ததுமே, முனையில் துணி சுற்றிய தட்டையான துடைப்பத்தால் பள்ளத்தின் உச்சிப்பக்க ஓரத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். நடுவில் குத்தினால் நீர் சிதறி எதிர்ப்பக்கம் பாய்ந்து அங்கே பாரமாகும், கூரான முனை துணியைக் கிழிக்கவும் செய்யும். தள்ளுமுன் பக்கத்து ஸ்டால்காரருக்கு ஒரு குரல் கொடுங்கள். வாளி வாளியாக விழும் நீர் அவர் வைத்திருக்கும் ஓவியங்கள்மேல் போய்விடக் கூடாது.

இரண்டு ஸ்டால்கள் ஒட்டி நின்றால் இடைவெளியில் இரு கூரைகளின் நீரும் கொட்டும். 3 மீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலமுள்ள தார்ப்பாய்த் துண்டு ஒன்றை இரு ஓரக்கம்பிகளிலும் கிளிப்பால் மாட்டி, நடுவில் தொய்யவிட்டு, பின்முனையை 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்த்திக் கட்டினால் நல்ல வடிகால் ஆகிவிடும். பக்கத்துக்காரரோடு முதல்நாளே பேசிவைத்துக் கொள்ளுங்கள்.

பாரம் எவ்வளவு, எங்கே, எப்படி

மழை தனியாக வருவது அபூர்வம், காற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று, 3 மீட்டர் அகலம் 2 மீட்டர் உயரமுள்ள ஒரு பக்கச்சுவரைச் சுமார் 45 கிலோ விசையோடு தள்ளும். 60 கிலோமீட்டர் என்றால் 100 கிலோவைத் தாண்டும். சாரலுக்காகச் சுவர்களை இறக்கிய கணமே கூடாரம் பாய்மரமாகிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 18 கிலோ, அதாவது மொத்தம் 72 கிலோ என்பது அடிப்படை அளவு. சுவர்களை மூடுவதாக இருந்தால் காலுக்கு 25 கிலோவுக்கு மேல் வைப்பதே நிம்மதி. 4 அங்குல பி.வி.சி. குழாயில் 1 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் நிரப்பினால் சுமார் 18 கிலோ வரும். ஒரு முனையை மூடியால் அடைத்து, மறுமுனையில் வளையமுள்ள நீளமான போல்ட்டைக் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே ஆழமாக இறக்கி, நிறுத்தியபடியே சில நாள் இறுக விடுங்கள். போல்ட்டின் அடிமுனையில் அகலமான வாஷரும் நட்டும் போட மறந்தால், பாரம் இழுக்கும்போது அது மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். மணல் மூட்டையும் நல்லதுதான், ஆனால் மூட்டைத்துணி கிழிந்தால் பாரம் கரைந்து போகும். தண்ணீர் கேன்கள் எளிதில் கிடைக்கும், 20 லிட்டர் கேனுக்கு 20 கிலோ. ஆனால் இடத்தை அடைக்கும், கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பாரத்தைக் காலின் அடித்தட்டில் சும்மா வைத்தால் அரைப்பயன்தான். கூரையின் மேல்மூலைச் சட்டகத்திலிருந்து பட்டையோ கயிறோ இறக்கி, பாரத்தின் வளையத்தில் இறுகக் கட்டுங்கள். காற்று தூக்குவது கூரையைத்தான், ஆகவே கூரையைப் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு பாரத்தின் கீழ்ப்பகுதியைக் காலோடு சேர்த்து இன்னொரு கட்டு போடுங்கள். இதை விட்டால் பாரம் ஊசலாடி, காலையும் பக்கத்தில் வைத்த மட்பாண்டத்தையும் ஒருசேர இடிக்கும். கட்டுவதற்கு நீளும் ரப்பர் கொக்கிக் கயிறுகள் வேண்டவே வேண்டாம். காற்று வீசும்போது அவை நீண்டு கொடுத்து, அடங்கியதும் வெடுக்கென்று இழுக்கும். அந்த வெட்டி இழுப்பில்தான் மூட்டுகள் உடைகின்றன. பிடியை அசைத்து அசைத்து இறுக்கும் ராட்செட் பட்டையோ, நீளாத பாலியஸ்டர் கயிறோ போதும்.

புல்தரையில் முளை அடிக்க அனுமதி இருந்தால் 40 சென்டிமீட்டருக்குக் குறையாத இரும்பு முளைகளைக் கூடாரத்திலிருந்து வெளிப்பக்கம் சாயும்படி அடியுங்கள். மண் நன்றாக ஊறினால் முளையின் பிடி தளரும். ஆகவே முளை இருந்தாலும் பாரத்தைக் குறைக்க வேண்டாம். அடிக்குமுன் நிலத்தடியில் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

பக்கச்சுவர்கள்

சுவரின் மேல்விளிம்பு கூரையின் தொங்கும் ஓரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே மாட்டினால் கூரையில் வழியும் நீர் நேராகச் சுவருக்கும் கூரைக்கும் இடையே இறங்கி உள்ளே வரும். அவசரத்தில் கட்டும்போது அதிகம் நடக்கும் பிழை இது. அடுத்தடுத்த சுவர்கள் மூலையில் 10 சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். காற்று வரும் பக்கத்துச் சுவர் வெளியே இருக்கட்டும்.

கீழ்விளிம்பு படபடக்காமல் இருக்க, மடித்துத் தைத்த ஓரத்துக்குள் குழாயைச் செருகலாம். இன்னும் நல்லது, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று பக்கமும் காலோடு காலை இணைக்கும் குறுக்குக்கம்பி போட்டு அதில் சுவரைக் கட்டுவது. இந்தக் கம்பி கால்கள் பரப்பிக்கொள்ளாமலும் காக்கும்.

மூன்று பக்கம் மூடி, முன்பக்கம் திறந்து, அந்த முன்பக்கத்திலேயே காற்று வந்தால் கூடாரம் பைபோல் உப்பித் தூக்கும். அப்போது முன்சுவரையும் இறக்குங்கள், அல்லது எதிரே உள்ள பின்சுவரைக் கொஞ்சம் திறந்து காற்றுக்குப் போக்கிடம் கொடுங்கள்.

காட்சிப் பலகைகளுக்கும் கூடாரச் சுவருக்கும் நடுவே 8 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். சுவரின் உட்பக்கத்தில் நீர் துளிர்த்திருக்கும். காற்றில் அது உள்ளே வளைந்து ஓவியத்தின் முதுகைத் தொட்டுத்தொட்டு நனைக்கும். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கான்வாஸின் பின்பக்கம் முழுக்க ஊறியிருக்கும்.

தரை

இடம் ஒதுக்கும்போது தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தால், முந்தைய மழையின் தடயங்களைப் படியுங்கள். காய்ந்த இலைகளும் மணலும் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தால் அந்தக் கோட்டில்தான் நீர் ஓடும். வெடித்துக் காய்ந்த சேற்றுப்படலம் இருந்தால் அங்கே குளம் நிற்கும். சாலையோரமானால் வடிகால் வாய்க்கு எதிரே கடை போடாதீர்கள், அடைத்துக்கொண்டால் முதல் வெள்ளம் உங்களுக்குத்தான்.

தரைக்குத் தார்ப்பாய் விரிப்பது நல்ல வழக்கம், ஆனால் அளவில் கவனம் வேண்டும். தார்ப்பாயின் ஓரம் கூரையின் சொட்டும் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கூரையிலிருந்து விழும் நீரையெல்லாம் அதுவே பிடித்து உள்ளே கொண்டுவந்து கொட்டும். நாலு பக்கமும் சொட்டும் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் உள்ளே நிற்கும்படி அடிப்பக்கமாக மடித்துவிடுங்கள். அதன்மேல் துளையுள்ள பிளாஸ்டிக் தரைக்கட்டங்களை ஒன்றோடொன்று கோத்துப் போட்டால், உள்ளே வந்த நீரும் அடியில் தங்கும், நடப்பவர் கால் நனையாது, வழுக்காது. மரப்பலகைத் தட்டுகளும் சரிதான். கம்பளம் மட்டும் வேண்டாம். ஒருமுறை ஊறிவிட்டால் நாள் முழுக்க ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும்.

மேசைவிரிப்பு தரையைத் தொடவே கூடாது, 5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி மடித்துக் கிளிப் போடுங்கள். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதைப் போலவே பருத்தித்துணி நீரை மேலே ஏற்றும். கம்பளத்துணி ஒட்டிய காட்சிப் பலகைகளுக்கும் இதே கதிதான். அவற்றின் அடியில் ரப்பர் கட்டையோ செங்கல்லோ வைத்து உயர்த்துங்கள். இருப்புச் சரக்கை அட்டைப்பெட்டியில் வைக்கவே வேண்டாம். ஈரத்தில் அட்டையின் அடி நெகிழ்ந்து, தூக்கும்போது பிய்ந்து, உள்ளே இருப்பதெல்லாம் சேற்றில் விழும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை 10 சென்டிமீட்டர் உயரத்தில் அடுக்குங்கள்.

எந்தப் படைப்புக்கு என்ன ஆபத்து

நீர்வண்ண ஓவியம், பென்சில் வரைவு, அச்சுப்படம் போன்ற காகிதப் படைப்புகள்தான் மிகவும் மென்மையானவை. காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும். நார்களின் குறுக்குத்திசையில் அதிகமாகவும் நீளத்திசையில் குறைவாகவும் விரிவதால் நெளிகிறது. ஃபிரேமுக்குள் நாலு ஓரமும் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் விரிய இடமில்லாமல் இன்னும் மோசமாக உப்பும். மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுவதே சரி. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டையின், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டைச் சட்டத்தின், இடைவெளி இருக்க வேண்டும். புகைப்படங்கள் கண்ணாடியைத் தொட்டபடி நனைந்தால் மேற்பூச்சு உப்பி ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிப்பது கடினம். ஃபிரேமின் பின்பக்கம் வழக்கமாக ஒட்டும் பழுப்புக்காகிதம் ஈரத்தை உள்ளே விடும். வெளிச்சந்தைக்குப் போகும் ஃபிரேம்களுக்குப் பின்பலகையாக நெளிவுப் பிளாஸ்டிக் தகட்டை வைத்து, விளிம்புகளை நீர்புகாத டேப்பால் அடைத்துவிடுங்கள். அடைப்பதற்கு முன் உள்ளிருக்கும் காகிதம் முழுக்க உலர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை உள்ளேயே வளரும்.

ஃபிரேம் போடாத அச்சுகளைத் தெளிவான பாலிப்ரொப்பிலீன் உறையில் போடும்போது உறையின் வாய் கீழ்நோக்கியோ பின்பக்கமோ இருக்கட்டும். வாய் மேலே இருந்தால் விரல்களிலிருந்து சொட்டும் நீர் நேரே உள்ளே போகும். சாய மைகொண்டு அச்சிட்டவை ஒரு துளி பட்டாலே ஓடிப் பரவும். நிறமி மையில் அச்சிட்டவை ஓரளவு தாங்கும்.

அக்ரிலிக் ஓவியத்துக்கு நீரைவிட பிளாஸ்டிக்தான் பகை. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அக்ரிலிக் மேற்பரப்பு மென்மையாகிப் பிசுபிசுக்கும். அப்போது பபிள் ராப்பைக் குமிழ்ப்பக்கம் உள்ளே வைத்துச் சுற்றினால் வட்டவட்டமாகத் தடம் விழும், சில நேரம் வண்ணமே பிய்ந்து வரும். முதலில் சிலிகான் பூசிய ஒட்டாத காகிதம் ஒன்று சுற்றி, அதன்மேல் குமிழ்ப்பக்கம் வெளியே இருக்கும்படி பபிள் ராப் சுற்றுங்கள். எண்ணெய்வண்ணக் கான்வாஸின் முன்பக்கம் சாரலைச் சற்றுப் பொறுக்கும், பின்பக்கம் பொறுக்காது. துணி ஈரத்தில் சுருங்கியும் தளர்ந்தும் அடிப்பூச்சை அசைத்தால் வண்ணம் வெடிக்கும். கான்வாஸின் முதுகிலும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைத் திருகி வையுங்கள்.

சுடுமண்ணில் பளபளப்புப் பூச்சில்லாதவை நீரை உறிஞ்சும், சாயம் பூசியிருந்தால் கறை படியும். பூச்சுள்ளவைக்கு மழையால் ஆபத்தில்லை, காற்றில் அலமாரி சாய்வதுதான் ஆபத்து. அலமாரியைக் கூடாரக்காலோடு கட்டாதீர்கள், கூடாரம் ஆடினால் அதுவும் ஆடும். கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வையுங்கள். இரும்புச் சிற்பங்களுக்கு மெழுகு பூசிக்கொண்டு வாருங்கள், பூசாத இரும்பு ஒரே இரவில் துரு பிடிக்கும். வெள்ளி நகைகளை மாலையானதும் சிறு ஜிப் உறைகளில் போட்டு மூடுங்கள். கைத்தறியும் தோலும் ஈரமாகச் சுருட்டிக் கிடந்தால் ஓரிரு நாளில் பூஞ்சை வாடை வரும்.

விலைச்சீட்டுகளைப் பென்சிலில் எழுதுங்கள், அல்லது லேமினேட் செய்யுங்கள். ஜெல் பேனா எழுத்து கரைந்து, கீழே இருக்கும் படைப்பில் நீலமாக வழிந்த ஃபிரேம்கள் உண்டு.

அடைந்த ஈரமும் இரவும்

மழைக்கு எல்லாச் சுவரையும் இறக்கி மூடினால் உள்ளே நிற்பவர்களின் மூச்சும், ஈரத்தரையும், நனைந்த உடைகளும் சேர்ந்து காற்றை ஈரத்தால் நிரப்பும். இரவில் கூரைத்துணி குளிர்ந்ததும் அந்த ஈரம் உட்பக்கத்தில் துளிகளாகப் படிந்து சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று பலர் நினைப்பது பல நேரம் இதைத்தான். அடையாளம் காண்பது எளிது. தையலில் மட்டும் துளி இருந்தால் ஒழுகல், துணி முழுக்கச் சீராகத் துளிர்த்திருந்தால் உள்ஈரம். அதற்குப் பூச்சு தீர்வாகாது, காற்றோட்டமே தீர்வு. காற்று வராத பக்கம் இரண்டு சுவர்களின் மேல்விளிம்பில் ஒரு கையளவு திறந்துவிடுங்கள்.

காகிதத்துக்கு 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது. 65-ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்கு வழி பிறக்கும். சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றை இருப்புப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். சிலிகா ஜெல் மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும், திறந்த கூடாரத்தில் எத்தனை பொட்டலம் தொங்கவிட்டாலும் பயனில்லை. 50 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் போடலாம். நிறம் மாறும் வகை வாங்கினால், மாறியதும் 120 டிகிரி செல்சியசில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

இரண்டுநாள் சந்தையென்றால் காகிதப் படைப்புகளை இரவில் கூடாரத்தில் விட வேண்டாம். கூரை சரிந்து விழுவது பெரும்பாலும் ஆள் இல்லாத இரவில்தான், தேங்கும் நீரைத் தள்ள யாரும் இருப்பதில்லை. மற்றவற்றைப் பலகைகளிலிருந்து இறக்கி, மூடிய பெட்டிகளில் போட்டு, மேசைக்கு அடியில் உயர்த்தி வையுங்கள். பலத்த காற்று வரும் என்று வானிலை அறிவிப்பு சொன்னால், கூடாரத்தை மடக்கிப் படுக்கவைத்துக் கட்டிவிட்டுப் போவதே நல்லது. மறுநாள் அரைமணி நேரத்தில் எழுப்பிவிடலாம்.

மின்சாரம்

மேகமூட்டத்தில் ஓவியங்கள் மங்கித் தெரியும், விளக்கு தேவைதான். மழைநாளில் பேட்டரியில் எரியும் எல்.ஈ.டி. விளக்குகளே எங்கள் முதல் தேர்வு. மின்இணைப்பு எடுத்தே ஆக வேண்டுமென்றால், மின்சாரம் கசிந்ததுமே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத்துண்டிப்பான் வழியாக மட்டும் எடுங்கள், காலையில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெளிப்புறத்துக்கென்று செய்த, ஐபி44 (நீர்த்தெறிப்பைத் தாங்கும் என்பதற்கான தரக்குறியீடு) அல்லது அதற்கு மேற்பட்ட சாதனங்களே வேண்டும். இணைப்பு முனைகள் தரையில் கிடக்கக் கூடாது, முழங்கால் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். வயர் ப்ளக்குக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொய்ந்து மேலே ஏறட்டும். வயர்மேல் ஓடிவரும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். இணைப்பைப் பிளாஸ்டிக் பையால் சுற்றி இறுக டேப் போடுவது பாதுகாப்பாகத் தோன்றும், உண்மையில் உள்ளே நீர் துளிர்த்துத் தேங்கி நிற்கும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது

சொட்டும் குடையோடு உள்ளே வருகிறவர் பேச்சு சுவாரசியத்தில் திரும்பும்போது குடைமுனை இடுப்புயர ஃபிரேமில் உரசும். வாசலிலேயே அடியில் மணல் போட்ட உயரமான வாளி ஒன்றை வைத்துவிட்டால் பாதி நனைவு குறையும். மணல் இல்லாத வாளி மூன்றாவது குடைக்குக் கவிழும். அச்சுகள் அடுக்கிய தொட்டியை வாசலிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளுங்கள். புரட்டிப் பார்க்க வருகிறவருக்குக் கைதுடைக்க ஒரு துணியைச் சிரித்த முகத்தோடு நீட்டுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முன்பக்கக் கூரையை 60 முதல் 90 சென்டிமீட்டர் நீட்டும் தாழ்வாரம் இருந்தால் மழைக்கு ஒதுங்குகிறவர்கள் உங்கள் ஸ்டாலில்தான் ஒதுங்குவார்கள். மழைநாள் விற்பனையில் கணிசமான பங்கு அப்படி வருகிறது.

விற்றதைக் கட்டும்போது ஈரமான பரப்பில் டேப் ஒட்டாது. இரண்டு உலர்ந்த துண்டுகளை மூடிய பெட்டியில் எப்போதும் தனியே வைத்திருங்கள். உறையின் வாய் கீழே இருக்கும்படி மேலுறை போட்டுக் கொடுத்து, வீட்டுக்குப் போனதும் உறையைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

மின்னலைப் பார்த்தபின் இடி கேட்க 30 நொடிக்குக் குறைவானால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உலோகக்கால் கூடாரம் பாதுகாப்பிடம் ஆகாது. எல்லாரையும் கட்டடத்துக்குள்ளோ, உலோக மேற்கூரையுள்ள காருக்குள்ளோ அனுப்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப வேண்டாம். காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் சாதாரண மடிப்புக் கூடாரத்தை இறக்கிவிடுங்கள். பறக்கும் கூடாரத்தின் காலை எட்டிப் பிடிக்க யாரையும் விடாதீர்கள்.

ஏதேனும் நனைந்துவிட்டால் பதறி வெப்பக்காற்று காட்டாதீர்கள், காகிதம் சுருண்டு போகும். ஃபிரேமைப் படுக்கவைத்துப் பின்பக்கம் திறந்து, காகிதம் கண்ணாடியில் ஒட்டாமல் இருந்தால் மட்டும் வெளியே எடுத்து, உறிஞ்சுதாள்மேல் தட்டையாகக் காற்றில் உலர்த்துங்கள். வண்ணம் உள்ள பரப்பை ஒற்றி எடுக்கக் கூடாது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காமல், அப்படியே படுக்கவைத்தபடி பழுதுநீக்கும் வல்லுநரிடம் கொண்டுபோங்கள்.

கழற்றுவதும் உலர்த்துவதும்

மழையிலேயே கடையைக் கட்ட நேர்ந்தால் வரிசை முக்கியம். கூரையும் காற்றுவரும் பக்கத்துச் சுவரும் கடைசிவரை நிற்கட்டும். படைப்புகள் அனைத்தும் உள்ளேயே பொதியப்பட்டு வண்டியில் ஏறிய பிறகே பலகைகள், மேசைகள், மற்றச் சுவர்கள், கடைசியில் கூரை. பாரங்களை எல்லாவற்றுக்கும் பிறகு அவிழுங்கள். முதலில் அவிழ்த்தால், நாலு பேர் கூரைக்கடியில் நிற்கும்போது ஒரு வீச்சுக்காற்று போதும்.

நனைந்த துணியைப் படைப்புகளோடு ஒரே வண்டியில் ஏற்றுவதானால் தனிப் பையில் கட்டி, கீழே வையுங்கள். வீடு வந்ததும் 24 மணி நேரத்துக்குள் விரித்துக் காயவிடுங்கள். சேற்றை மென்சோப்பும் மிருதுவான தூரிகையும் கொண்டு கழுவுங்கள். பிளீச்சும் சலவை இயந்திரமும் பூச்சை அழித்துவிடும். சட்டகத்தின் மூட்டுகளைத் துடைத்து, காய்ந்தபின் சிலிகான் தெளிப்பு அடியுங்கள். எண்ணெய் விட்டால் அடுத்தமுறை விரிக்கும்போது கூரைத்துணியில் கறையாக இறங்கும். பாரம் கட்டிய கயிறுகளில் நார் பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள், குழாய்ச் சோதனையில் போட்ட சாக்பீஸ் குறிகள் அழியுமுன் புதிதாகக் கசிந்த இடங்களையும் அவற்றோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.